ஜமால் பாய் கடைக்கு வந்த பெயர்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ரங்கூனில் பத்துப் பன்னிரண்டு பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. துரைமார் எழுதிக் கொடுக்கிற கடிதங்களை மெஷினில் தட்டிக் கொடுப்பேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. ஆனால் தட்டுவதில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் 1926-ம் வருஷம் வரை வரவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பெயர் ராஜரத்தினம்.

ஆபீஸிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் போட்டாதாங் பேட்டை. படகுத்துறைக்குப் போகிற ஒரு சந்தில் ஜமால் பாயின் டீக்கடை இருந்தது. பாய்க்குக் கீழக்கரை. என் வயதுதான். ஒல்லியான ஆள், குரலும் ஒல்லி. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். கடையில் சுருட்டுப் பிடிக்கக்கூட விடமாட்டார். காலையில் ஆபீஸுக்குப் போகும் முன்பும், மத்தியானம் ஒரு மணிக்கும் நான் அங்கேதான் இருப்பேன். பாயிலரை ஒட்டிய பெஞ்சில் என் இடம் எனக்காகக் காலியாக இருக்கும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் போட்டுப் பேசக்கூடாது. யாராவது குரலை உயர்த்தினால் பாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "மெல்லப் பேசுங்க" என்பார். அதற்குக் காரணம் மேல்மாடி. பலகைத் தளம் போட்ட அந்த மாடியைப் பதினோரு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். முனிசிபாலிட்டியில் ராத்திரி வேலை செய்கிறவர்கள் அவர்கள். ரங்கூனில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு பின்சந்து இருக்கும். ஊர் எறிகிற அத்தனையும் அங்கேதான் விழும். அந்தச் சந்துகளைக் கழுவிவிட்டு, விடிந்தபின் குளித்துவிட்டு வந்து படுத்தால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மாரிச்சாமி. அந்த வேலைக்காரர்களுக்கு வேறு எவரும் வீடு கொடுக்கவில்லை. பாய் கொடுத்தார்.

"இவங்க தூக்கத்துக்காக நாங்க வாயைப் பொத்திக்கணுமா?" என்று ஒருநாள் கப்பல்களுக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கிற ஒரு துபாஷ் கேட்டார்.

"ஆமா. மனுசன் தூக்கம்தானே அதுவும்?" என்றார் பாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துபாஷ் கேட்டதை நானும் மனசுக்குள் கேட்டிருக்கிறேன். டீ நன்றாக இருந்ததால் வெளியே கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை முடிந்து வெயில் தெளிந்த நாட்களில் ஒரு அமெரிக்கன் கடைக்கு வர ஆரம்பித்தான். டட்லி என்று பெயர். வடக்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலையில் பல வருஷம் இருந்தவன். வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிற கப்பலுக்காகக் காத்திருந்தான். ஆளும் பெரிசு, தொண்டையும் பெரிசு. கிணற்று மேட்டில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின குரல். முதல் நாள் உள்ளே வந்து "சாய்!" என்று கத்தியபோது பாயிலர் மூடியே அதிர்ந்தது.

பாய் திரும்பி, கரண்டியால் மாடியைக் காட்டினார். "மெல்லப் பேசுங்க தொரை."

டட்லி என்னைப் பார்த்தான். கோட்டும் தொப்பியுமாக இருந்தவன் நான் ஒருவன்தான். "என்ன சொல்கிறான்?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

கடையில் ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஸ்பீக் ஈஸி, சார்" என்றேன்.

டட்லி பாயையும் அவர் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். தலையை நிமிர்த்தி, இடது கை விரலை உதட்டில் வைத்து, "ஸ்பீக் ஈஸி!" என்று ரகசியமாகச் சொன்னான். மேலே மாடியைக் காட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ள முடியுமா? நானும் கண்ணடித்தேன்.

"தொரை ஏன் இப்படிச் சிரிக்கிறாரு, ரத்தினம்?" என்றார் பாய்.

"நம்ம இங்கிலீஷ் பிடிச்சிருக்கு பாய். சுத்தமா இருக்காம்."

அதிலிருந்து டட்லி தினமும் வந்தான். உள்ளே வரும்போது கதவில் இரண்டு தட்டுத் தட்டுவான். என்னிடம் குனிந்து அந்த வார்த்தையைச் சொல்வான். நான் தலையாட்டுவேன். குரலை மட்டும் உண்மையிலேயே தாழ்த்திக்கொண்டான். பாய்க்கு அதனாலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. மூன்றாவது வாரம், சிரியத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிற நண்பன் வீட்டில் போய்த் தங்கப் போவதாகச் சொல்லி, போகிற அன்று ஒரு பலகையைக் கொண்டுவந்தான். தானே எழுதியதாம். வெள்ளைப் பலகையில் நீல வர்ணத்தில், இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் "ஜமால்ஸ் ஸ்பீக்ஈஸி" என்று இங்கிலீஷில் இருந்தது.

இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி இல்லை. பிழை என்று என் கண்ணுக்கு உடனே பட்டது. இடைவெளி விட வேண்டும் என்று டட்லியிடம் சொன்னேன். அவன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இல்லை, இது இப்படித்தான்" என்றான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் பாய்.

"ஜமால் கடை, மெல்லப் பேசவும்."

பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளைக்காரத் தொரை கைப்பட எழுதிக் கொடுத்திருக்காரே!" என்று சொல்லி, அன்றே ஆணியடித்து வாசலில் மாட்டினார். மூன்று மணிக்கு எழுந்து கீழே வந்த மாரிச்சாமிக்கும் காட்டினார். "ஒங்களுக்காகத்தான்" என்றார். மாரிச்சாமி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்காக யாரும் பலகை மாட்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பல் துறைக்கு வந்தது. ஒரு மத்தியானம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாலு மாலுமிகள் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பாய் டீ வைத்தார். ஒருவன் மோந்து பார்த்துவிட்டு, "இது சரி, அது எங்கே?" என்றான். "அது" என்றால் எது என்று நான் கேட்கவில்லை. இன்னொருவன் எழுந்து பின்பக்கச் சாமான் அறையை எட்டிப் பார்த்தான். மூன்றாவது ஆள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டான். பாய் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலே தூக்கம் கலைந்த குரல்கள் கேட்டன.

"என்ன தேடுறாங்க?" என்றார் பாய் மூச்சு வாங்க.

"ஸ்பெஷல் டீ கேக்கிறாங்க" என்றேன்.

மறுநாள் இன்னும் மூன்று பேர். அதற்கு மறுநாள் ஆறு பேர், அவர்களோடு முகத்தில் மாவு பூசிய ஒரு பெண்ணும். அவள், "பேண்டு எப்போது வாசிப்பார்கள்?" என்று கேட்டாள். பாய் அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருகிறபோது பர்கத்துல்லா அவருக்கு ஸலாம் சொல்லவில்லை. பர்கத்துல்லா ஜவுளி வியாபாரி, பாய்க்கு ஊர்க்காரர். தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு டீயை அரை மணி நேரம் குடிக்கிறவர். அவர் வருவது நின்றுபோயிற்று. ஏன் என்று ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "சாராயம் ஊத்துற எடத்துல நமக்கு என்ன வேலை?" என்று பதில் வந்ததாம்.

இதைச் சொல்லிவிட்டுப் பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "சாராயமா? நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஊருக்கு மைமூனுக்கு யாராவது எழுதிப் போட்டுட்டா? அவ என்ன நெனைப்பா ரத்தினம்?"

மைமூன் அவர் மனைவி. கீழக்கரையில் இருந்தாள்.

"எவனோ பொறாமைக்காரன் கிளப்பிவிட்டிருப்பான்" என்றேன் நான்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குக் கலால் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊ பா தின் என்று பெயர். பர்மாக்காரர், தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டவர், நிதானமான மனிதர். இரண்டு பியூன்கள் கூட வந்தார்கள். சர்க்கரை டின், பால் டின், அரிசி மூட்டை, எல்லாவற்றையும் பார்த்தார்கள். மாடிக்குப் போய், ஒரு மணி நேரம்கூடத் தூங்கியிராத பதினோரு பேரையும் எழுப்பி, படுக்கையைச் சுருட்டச் சொல்லி, பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊ பா தின் கீழே வந்து வாசல் பலகையைச் சுட்டிக்காட்டினார். இந்துஸ்தானியில் பேசினார். ரங்கூனில் யாரும் யாரோடும் அதில்தான் பேசுவார்கள்.

"இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"மெல்லப் பேசவும்னு அர்த்தம், ஐயா" என்றார் பாய்.

"இல்லை. அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாத சாராயக் கடைக்கு இதுதான் பெயர். கப்பலில் வருகிற அமெரிக்கப் பத்திரிகைகளில் தினம் தினம் போடுகிறார்கள். திருட்டுத்தனமாகக் குடிக்கிற இடம், ஆட்டம் பாட்டம் நடக்கிற இடம். வாசலிலேயே விளம்பரம் மாட்டிவிட்டு, உள்ளே இல்லை என்றால் எப்படி? என் ஆபீஸுக்கு மூன்று மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது."

பாய் வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார்.

"மெல்லப் பேசவும் என்று உனக்கு யார் சொன்னது?"

நான் ஐந்தடி தூரத்தில், என் பெஞ்சில், கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன். பாய் என்னைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். சர்க்கார் கேஸில் பெயர் வந்தால் வேலை போய்விடும் என்பது ஒன்றுதான் அப்போது என் தலையில் இருந்தது.

"எவனோ ஒரு கப்பல்காரன் சொன்னான், ஐயா. முகம் ஞாபகம் இல்லை" என்றார் பாய்.

ஊ பா தின் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை வா. கேஸ் போடுவதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்கிறேன். உன் பக்கத்தில் சொல்ல ஏதாவது இருந்தால் கொண்டுவா. அதுவரை கடை மூடியிருக்கட்டும்."

அவர்கள் போன பிறகு பாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பிலிருந்து நெருப்பைத் தள்ளி, பாயிலரில் இருந்த வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றினார். "ஆபீஸுக்கு நேரமாச்சு, போங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஆபீஸில் ஹெட் கிளார்க் மேஜையில் ஒரு தடித்த அகராதி உண்டு. அவர் சாப்பிடப் போனபோது அதைப் புரட்டினேன். 'ஸ்பீக்' இருந்தது. அதற்கு அடுத்து 'ஸ்பீக்கர்' இருந்தது. இரண்டுக்கும் நடுவில், அந்த வார்த்தை உட்கார வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் தப்பாகச் சொல்கிறார் என்று சந்தோஷப்படப் பார்த்தேன். முடியவில்லை. டட்லியின் சிரிப்பும் கண்ணடிப்பும் கதவில் தட்டிய இரண்டு தட்டும் ஒவ்வொன்றாக எனக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தன.

மத்தியானம் வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு லாஞ்சில் ஆற்றைக் கடந்து சிரியத்துக்குப் போனேன். ஆலையை ஒட்டிய ஒரு பங்களா வராந்தாவில் டட்லி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெட்டி கட்டிவைத்திருந்தது. மறுநாள் காலையில் கப்பல்.

"ஸ்பீக் ஈஸி!" என்றான் என்னைப் பார்த்ததும்.

"சார், அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் சொல்லுங்கள்" என்றேன். என் வாழ்நாளில் ஒருவரிடம் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னேன். ஏழெட்டுத் தடவை நிறுத்தியிருப்பேன். அவன் சலித்துக்கொள்ளவில்லை.

அவனுக்குப் பென்சில்வேனியா என்கிற மாகாணம். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே லைசென்ஸ் இல்லாத சாராயக் கடைகள் இருந்தனவாம். அப்படி ஒரு கடையை நடத்திய கிழவி ஒருத்தி, குடிக்கிறவர்கள் சத்தம் போட்டால் போலீஸ் காதில் விழுமே என்று, விரலை உதட்டில் வைத்து, "மெல்லப் பேசுங்கடா பையன்களா" என்பாளாம். அவன் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்களாம். வேறு ஊர்க்காரர்கள் வேறு கதை சொல்வார்கள், எது நிஜமோ தெரியாது என்றான். எப்படியோ, மெல்லப் பேசச் சொல்கிற கடைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் குடியையே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதோடு அந்தக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன.

"இப்போது நியூயார்க்கில் போய்ப் பார்" என்றான். "பேண்டு வாத்தியம், டான்ஸ், முடியைக் கத்தரித்துக்கொண்ட பெண்கள். கதவில் ஒரு சின்ன ஓட்டை வழியாக முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். பெயர்தான் மெல்லப் பேசுகிற கடை. உள்ளே போனால் காது கிழிந்துவிடும். உன் சிநேகிதன் அந்தக் கிழவி மாதிரியே கரண்டியோடு திரும்பி அதே வார்த்தையைச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை."

நான் நடந்ததைச் சொன்னேன். கடை மூடியிருப்பது, கேஸ், பர்கத்துல்லா ஸலாம் சொல்லாதது, எல்லாம். குடிக்கிறவனுக்குப் பக்கத்தில்கூட உட்காராத மனிதர் ஜமால் என்று சொன்னேன். மேலே தூங்குகிறவர்கள் யார், ராத்திரியில் என்ன வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னேன்.

டட்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. "மேலே ஆட்கள் தூங்குகிறார்களா? நிஜமாகவே தூங்குகிறார்களா?"

"ஆமாம் சார்."

"நீ கண்ணடித்தாயே!" என்றான். "நான் சொன்ன வேடிக்கை உனக்குப் புரிந்தது, நீ அவனுக்குச் சொல்லியிருப்பாய் என்றல்லவா நினைத்தேன். அவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்று நினைத்துத்தானே பலகை எழுதினேன்?"

"எனக்குப் புரியவில்லை, சார். புரிந்த மாதிரி நடித்தேன்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். கப்பலை விட முடியாது, அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம் ஆகும், மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை என்றான். உள்ளே போய்க் காகிதம் கொண்டுவந்து இடது கையால் ஒரு கடிதம் எழுதினான். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதை என்னிடம் நீட்டி, "இதில் நான் செய்ததைத்தான் எழுத முடியும். நீ செய்ததை நீதான் சொல்ல வேண்டும்" என்றான்.

வியாழக்கிழமை காலை ஆபீஸுக்குப் போகாமல் கலால் ஆபீஸுக்குப் போனேன். பாய் வெளுத்த சட்டையும் தொப்பியுமாக வராந்தாவில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தரையில் மாரிச்சாமியும் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். குளித்த ஈரம்கூடக் காயவில்லை. இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று பாய் கேட்டார்.

"சொல்ல வேண்டியது இருக்கு" என்றேன்.

உள்ளே ஊ பா தின் டட்லியின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மேஜைக்குக் கீழேயிருந்து பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்தை ஒப்பிட்டார். இரண்டிலும் ஒரே கோணல்.

"சரி, பலகையை எழுதியவன் இவன்தான். ஆனால் கடைக்காரனிடம் அர்த்தம் சொன்னது யார்? இவன் தமிழ் பேசுவானா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான், ஐயா. திங்கள்கிழமை நீங்கள் கேட்டபோது அந்தப் பெஞ்சிலேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு இந்த வார்த்தை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். மாலுமிகள் வந்து கேட்டபோதும் தெரியாமலே தெரிந்த மாதிரி சொன்னேன்."

"நீ என்ன வேலை பார்க்கிறாய்?"

"இங்கிலீஷ் டைப்பிஸ்ட்."

ஊ பா தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கிறார் என்று தோன்றியது. பாய் பக்கம் நான் திரும்பவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் மாரிச்சாமியைக் கூப்பிட்டார். மாரிச்சாமி வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். "உள்ளே வா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வந்தார்.

"பகலெல்லாம் அந்தக் கடைக்கு மேலேதான் தூங்குகிறாயா?"

"ஆமாங்க."

"கீழே என்ன சத்தம் கேட்கும்? பாட்டா? கூத்தா?"

மாரிச்சாமி யோசித்தார். "ஒண்ணும் கேக்காதுங்க. கேட்டா எப்படிங்க தூங்குறது? இவரு யாரையும் பேசவே விடமாட்டாரு. கிளாஸ் கழுவுற சத்தம்தான் வரும். அதுவும் மெதுவா."

"எத்தனை வருஷமாக?"

"நாலு வருஷங்க. அதுக்கு முன்னாடி க்யிம்யிண்டைங் படகுத்துறையில படுத்துக்குவோம். அங்கே சந்தைச் சத்தம். ஒருத்தன் தூக்கம் இல்லாமலே சீக்கு வந்து செத்துப்போனான்."

ஊ பா தின் பேனாவை எடுத்தார். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேஸ் இல்லை. கடை திறக்கலாம். பலகையை மட்டும் தரமுடியாது, அது ஆபீஸில் இருக்கும். "இனிமேல் ஏதாவது எழுதி மாட்டுவதாக இருந்தால் பர்மிய மொழியிலும் உன் மொழியிலும் எழுது. அமெரிக்காக்காரனுக்கு ஒன்றும் எழுத வேண்டாம்" என்று பாயிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் மாரிச்சாமியின் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பாய் அவர்களைப் பார்த்து, "போய்ப் படுங்க எல்லாரும், போங்க" என்றார். அவர்கள் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். வெயில் ஏறியிருந்தது.

"பாய், என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே, அன்னைக்கே" என்றேன்.

"கொடுத்திருந்தா ஒங்க வேலை போயிருக்கும். எனக்குக் கடை திரும்பக் கெடைச்சிருக்குமா?" என்றார். கொஞ்ச தூரம் போய், "கோவம் இருந்துச்சு ரத்தினம். இல்லேன்னு சொல்லமாட்டேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

கடை திறந்தது. ஆனால் ஒருவர் பெயரில் விழுந்த கறை இன்ஸ்பெக்டர் கையெழுத்தால் போய்விடுமா? ஊர்க்காரர்கள் வரவில்லை. பர்கத்துல்லாவும் வரவில்லை. பாய் சாயங்காலம் நாலரை மணிக்கு வழக்கம்போல ஒரு கிளாஸைக் கழுவித் தனியாக வைப்பார். ஆறு மணிக்கு அதை மறுபடி அடுக்கில் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பர்கத்துல்லாவின் ஜவுளிக் கடைக்குப் போனேன். அவர் ஒரு பர்மிய அம்மாளுக்குப் இடுப்பில் சுற்றுகிற பட்டு லோன்ஜித் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போகும் வரை நின்றேன். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணடித்ததையும் "ஸ்பெஷல் டீ" என்று சொன்னதையும் பெஞ்சில் வாயடைத்து உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். பர்கத்துல்லா துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும், "சரி" என்றார். அவ்வளவுதான். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நாலு பேர் மூலமாக அது துறை முழுக்கப் பரவிவிட்டது. ஆபீஸில் ஹெட் கிளார்க் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டி, "இதுல எத்தனை வார்த்தை தெரியுது உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எண்ணிச் சொன்னேன். சிரித்தார்கள். காது சுட்டது. ஆனால் வேலை போகவில்லை. சாயங்காலம் ஒரு பாதிரியார் நடத்துகிற வகுப்பில் சேர்ந்தேன். ரயில்வே ஆபீஸ் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வகுப்புக்குப் போகிற வழியில் கடையில் இருந்தபோது பர்கத்துல்லா வந்தார். வாசலில் ஒரு கணம் நின்று, பலகை இருந்த இடத்தில் ஆணித் துளையைப் பார்த்தார். உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் பாயைப் பார்த்து.

"வஅலைக்கும் ஸலாம்" என்றார் பாய். கை கரண்டியைத் தேடியது.

இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று பாய் கேட்கவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று பர்கத்துல்லாவும் சொல்லவில்லை. டீ வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஊரிலிருந்து வந்த கப்பலில் கருவாடு வந்திருக்கிறது என்றும், தன் தம்பி மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது என்றும் பேச ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்லும்போது உற்சாகத்தில் குரல் கொஞ்சம் ஏறியது. மணி ஐந்தரை. மேலே யாரும் இல்லை. மாரிச்சாமியும் ஆட்களும் அரிசி வாங்கப் போயிருந்தார்கள்.

பாய் அவரைப் பேசவிட்டார். அடுப்புக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான், பெண் வீடு எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.